பஸ் எப்போது வரும்? மனுவில் எதைக் கேட்பது என்று சொல்லுங்கள்

ஏரிக்கரைவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அல்சூரில் 26 வருடமாக இருக்கிறேன். பிறந்தது திருப்பத்தூர், கல்யாணமாகி வந்த ஊர் பெங்களூரு. குந்தலஹள்ளி கேட் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் கார் கிடையாது, ஸ்கூட்டர் ஓட்ட எனக்குப் பயம். அதனால் இத்தனை வருடமும் பஸ்தான்.

எங்கள் தெருவில் இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து பஸ் வசதி பற்றி அரசுக்கு ஒரு மனு எழுதப் போகிறோம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி, "நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிஜிட்டல் பலகை வேண்டும் என்று எழுதுங்கள் ஆன்ட்டி" என்கிறான். பஸ் எங்கே வருகிறது என்று கருவி வைத்துக் கண்காணித்து நமக்குச் சொல்லும் ஏற்பாடாம் அது. அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 6:40 மணி, மழை பிடித்துக்கொண்டது. என் போனில் ஒரு செயலி இருக்கிறது, பஸ் எங்கே வருகிறது என்று காட்டும். அல்சூர் பக்கம் போக நான் டொம்ளூரில் இறங்கி மாற வேண்டும். டொம்ளூர் போகும் நேர் பஸ் 4 நிமிடத்தில் வரும் என்று காட்டியது. என் பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார், ஏதோ ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை போலிருக்கிறது, நீலப் புடவை யூனிஃபார்ம். அவர் அதே வழியில் இருக்கிற முருகேஷ்பாளையா போக வேண்டும். "அக்கா, உங்க போன்ல என்ன காட்டுது?" என்று கேட்டார். 4 நிமிடம் என்றேன். அந்த நேரத்தில் மாரத்தஹள்ளி வரை மட்டும் போகிற பஸ் ஒன்று வந்தது, உட்கார இடமும் இருந்தது. நேர் பஸ்தான் வருகிறதே என்று அவர் அதை விட்டுவிட்டார்.

4 நிமிடம் 2 ஆனது. 2 நிமிடம் 1 ஆனது. அப்புறம் அந்த பஸ் திரையிலிருந்தே காணாமல் போய்விட்டது. அடுத்தது 31 நிமிடம் என்று வந்தது. எனக்கு 8 மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும், மாமனாருக்கு 82 வயது, இன்சுலின் நான்தான் போடுவேன். ஆட்டோ பிடித்தேன். அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்ன சொல்லை நம்பித்தான் அவர் கையில் வந்த பஸ்ஸை விட்டார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தகவலே இல்லாமல் இருந்திருந்தால் அவர் மாரத்தஹள்ளி போய், அங்கிருந்து ஏதாவது பிடித்திருப்பார்.

அந்த பஸ் ஏன் மறைந்தது? இதே தகவலைத்தானே பலகையிலும் போடுவார்கள்? அப்படியென்றால் பலகை கேட்பதில் என்ன பிரயோஜனம்? விஷயம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் மனுவை ஒழுங்காக எழுதுவேன்.

---

காக்ஸ்டவுன் பொறியாளர் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வி இந்தத் துறையின் மையத்தையே தொடுகிறது. 15 வருடமாக இதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பஸ்ஸில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த நொடியில் வண்டி பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது. சில நொடிகளுக்கு ஒரு முறை அதை ஒரு சிம் கார்டு வழியாக சர்வருக்கு அனுப்பும். அந்த வண்டி இன்று எந்த வழித்தடத்தில் ஓடுகிறது, போகிறதா திரும்புகிறதா, எத்தனையாவது டிரிப் என்பதெல்லாம் கருவிக்குத் தெரியாது. அதைக் காலையில் டிப்போவில் ஒருவர் பதிய வேண்டும்: இந்த எண் வண்டி, இன்று இந்த ஷெட்யூல். இந்த ஒரு வரிப் பதிவின் மேல்தான் மொத்த அமைப்பும் நிற்கிறது. வண்டி பழுதாகி வேறு வண்டியை அனுப்பினால் அதையும் உடனே மாற்றிப் பதிய வேண்டும். டிரைவர் வராமல் டிரிப் ரத்தானால் அதையும் பதிய வேண்டும். செய்யாவிட்டால் சர்வர் என்ன செய்யும்? நேரலைத் தகவல் இல்லாதபோது பல செயலிகள் கால அட்டவணையில் இருக்கும் நேரத்தை எடுத்துக் காட்டிவிடும். நீங்கள் பார்த்த 4 நிமிடம் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். அந்த பஸ் அன்றைக்குப் புறப்பட்டிருக்கவே மாட்டாது. அட்டவணை நேரம் நெருங்க நெருங்கத் திரையில் எண் குறைந்தது, நேரம் தாண்டியதும் மறைந்தது.

பலகையிலும் இதே தகவல்தான் வரும். உங்கள் சந்தேகம் சரி.

அரசு இதைத் திட்டமிடாமல் இல்லை. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலேயே இந்தத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு இருக்கிறது. நம் மாநிலத்தில் மைசூரில் 2012-ல் நகரப் பேருந்துகளுக்கு இந்த அமைப்பு வந்தது, இந்தியாவில் முதல் முயற்சிகளில் அது ஒன்று. பெங்களூரில் நகர பஸ்களை ஓட்டும் கழகமான பி.எம்.டி.சி. இதை 2016 மே மாதம் தொடங்கியது. 2023-ல் நம்ம பி.எம்.டி.சி. செயலி வந்தது. மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 140 என்று ஒரு தரநிலை கொண்டுவந்து, 2019 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடக் கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது. 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நகரத்துக்கு நகரம் கட்டுப்பாட்டு அறை கட்டினார்கள். கருவி வாங்குவதில் நம் ஆட்கள் பின்தங்கவில்லை.

எங்கே சறுக்குகிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறு மாநிலத்தில் ஒரு நகரம். பஸ்களில் கருவி பொருத்தி, நிறுத்தங்களில் பலகை வைத்த குழுவில் நானும் இருந்தேன். ஒப்பந்தம் 5 வருடம். முடிந்த மாதம், கருவிகளில் இருந்த சிம் கார்டுகளுக்கு யார் பணம் கட்டுவது என்று முடிவாகவில்லை. அவ்வளவுதான். ஒரே வாரத்தில் எல்லாப் பலகையும் இருண்டுவிட்டது. வண்டி ஓடுகிறது, கருவிக்கு உயிர் இருக்கிறது, பலகைக்குக் கரண்ட் இருக்கிறது, மாத ரீசார்ஜ் மட்டும் இல்லை. அந்தப் பலகைகளை நான் ஒவ்வொன்றாக ஏணியில் ஏறிப் பொருத்தியவன். அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது ஒன்றின் மேல் ட்யூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். கருவி வாங்குவது மூலதனச் செலவு, அதற்கு மானியம் வரும், திறப்பு விழா வரும். சிம் கட்டணம், பழுது பார்ப்பது, பதிவு செய்யும் ஆளின் சம்பளம் எல்லாம் வருவாய்ச் செலவு. அது கழகத்தின் தலையில் விழும். கழகத்துக்கு டீசல் போட்டது போக மிச்சம் இருந்தால்தானே?

அதனால் மனுவில் பலகை கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போன் இல்லாதவர்களுக்கும், உங்கள் மாமனார் மாதிரிப் பெரியவர்களுக்கும் பலகைதான் கதி. ஆனால் இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது: தினமும் எத்தனை டிரிப் சரியாகப் பதிவாகி ஓடியது, எத்தனை ரத்தானது என்ற எண்ணை டிப்போவாரியாக வெளியிட வேண்டும். கூடவே பஸ்ஸின் நேரலைத் தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட வேண்டும். டெல்லி அரசு 2018-லேயே டெல்லி ஐ.ஐ.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து அப்படி ஒரு தளம் தொடங்கியது. தகவல் வெளியே வந்தால் தப்பும் வெளியே தெரியும், தெரிந்தால்தான் திருத்துவார்கள்.

---

மர்ஃபிடவுன் ஆட்டோ எழுதியது:

சார், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 19 வருஷமா ஆட்டோ ஓட்டுகிறேன். பஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. எனக்கு சிக்னல் பற்றி ஒரு கேள்வி. முன்பெல்லாம் சிக்னலில் நொடி குறைந்துகொண்டே வரும், 90, 89 என்று. வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு நிற்போம், கேஸ் மிச்சம். இப்போது பல இடத்தில் அந்த எண்ணே இல்லை. கேமரா மட்டும் புதுசு புதுசாக வருகிறது. இதுவும் அந்த நுண்ணறிவுதானா? எங்களுக்கு இருந்த ஒரு தகவலையும் எடுத்துவிட்டார்களே என்று இருக்கிறது.

---

காக்ஸ்டவுன் பொறியாளர் எழுதியது:

அண்ணா, நல்ல கேள்வி. பழைய சிக்னலில் பச்சை எத்தனை நொடி என்பது முன்பே எழுதி வைத்தது, அதனால் எண்ணைக் காட்ட முடிந்தது. இப்போது வருவது வண்டிக் கூட்டத்தைப் பார்த்து நேரத்தைத் தானே மாற்றும் சிக்னல். திருவனந்தபுரத்தில் இருக்கும் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி மையம் உருவாக்கிய கோசிகோஸ்ட் என்ற முறை. பைக், ஆட்டோ, பஸ் எல்லாம் கலந்து ஓடும் நம் ஊர்ச் சாலைக்கென்றே செய்தது. பெங்களூரில் 165 சந்திப்புகளில் வைக்கத் திட்டமிட்டு 2024-லிருந்து கொண்டுவந்தார்கள். எதிர்ப்பக்கம் வண்டி தீர்ந்துவிட்டால் 40 நொடி மிச்சமிருக்கும்போதே உங்கள் பக்கம் பச்சை விழும். அதனால் எண்ணை முன்கூட்டிக் காட்ட வழியில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன வருத்தம் நியாயமானது. ஏன் எடுத்தோம் என்று அங்கே கன்னடத்தில் ஒரு வரி, தமிழிலும் இந்தியிலும் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். இன்னொன்று, முன்னால் சாலை அடைத்துக்கொண்டிருந்தால் எந்த சிக்னலாலும் ஒன்றும் செய்ய முடியாது. பச்சை விழுந்தும் நகர இடமில்லாமல் நிற்பது சில்க் போர்டு சந்திப்பில் உங்களுக்குத் தெரியாததா?

கேமரா வேறு கதை. 2022 டிசம்பரில் 50 சந்திப்புகளில் வைத்தார்களே, அவை நம்பர் பிளேட்டைப் படித்து அபராதம் போடுவதற்கு. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் மக்களுக்கு நுண்ணறிவு என்றாலே ஃபைன் என்று படுகிறது.

ஒன்று விட்டுப்போனது. 2019 கடைசியில் வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் பக்கம் வரை பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? கம்பம் நட்டு, கயிறு மாதிரிப் பிரித்து. அந்தச் சாலையில் ஓடும் 500டி பஸ்ஸில் அன்றாடம் போனவன் நான். அதில் சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. ஆனாலும் பஸ் எப்போது வரும் என்று நம்பிச் சொல்ல முடிந்த காலம் அதுதான். அப்புறம் மெட்ரோ வேலை வந்து கலைந்துபோனது. சியோலில் 2004-ல் பஸ் சீர்திருத்தம் செய்தபோது இதைத்தான் செய்தார்கள்: நடுச்சாலையில் பஸ் தடம், ஒரே அட்டையில் கட்டணம், எல்லா பஸ்ஸையும் பார்க்கும் ஒரு மையம், எல்லாம் ஒன்றாக. வழித்தடத்தை யார் முடிவு செய்வது என்பதையும் நகர அரசே கையில் எடுத்துக்கொண்டது. திரை மட்டும் தனியாக வந்திருந்தால் அங்கேயும் போஸ்டர்தான் ஒட்டியிருப்பார்கள்.

---

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

அம்மா, தம்பி சொன்னதில் ஒரு இடம் எனக்கு நெஞ்சில் தைத்தது. "காலையில் டிப்போவில் ஒருவர் பதிய வேண்டும்" என்றாரே, அந்த ஒருவராக நான் 31 வருடம் இருந்தேன். தமிழ்நாட்டில் ஒரு பணிமனையில் நேரக்காப்பாளர். இப்போது ஹொரமாவில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

மார்கழி மாதம் காலை 4 மணி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் வண்டி 4:20-க்கு வெளியே போக வேண்டும். இரண்டு டிரைவர் வரவில்லை, ஒருவருக்குக் காய்ச்சல் என்று போன். ஒரு வண்டிக்கு ஏர் பிடிக்கவில்லை. ஸ்பேர் வண்டி ஒன்றுதான் இருக்கிறது. எந்த நடையை (நீங்கள் டிரிப் என்கிறீர்களே, அதுதான்) வெட்டுவது, எதை ஓட்டுவது என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி வழியாகப் போகும் நடையை நான் வெட்டவே மாட்டேன், பள்ளிக்கூட நடையையும் வெட்ட மாட்டேன். கூட்டம் குறைந்த நடையைத்தான் வெட்டுவேன். வண்டி எண்ணை நோட்டில் எழுதுவேன், கரும்பலகையில் சாக்பீஸால் மாற்றுவேன், சாவியைக் கொடுத்து அனுப்புவேன். 6 மணிக்குள் பாதிப் பணிமனை காலியாகிவிடும்.

நாங்களும் ஒரு நாள் கம்ப்யூட்டர் வாங்கினோம். நல்ல கம்ப்யூட்டர். அதை மேலாளர் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அதை இயக்கும் பிள்ளை 10 மணிக்கு வருவான். என் நோட்டைப் பார்த்து வரிவரியாக ஏற்றுவான், மத்தியானம் ஆகிவிடும். காலை 5 மணிக்கு நான் வெட்டிய நடை, மத்தியானம் 12 மணி வரை கம்ப்யூட்டர் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். தகவல் இல்லாமல் இல்லை அம்மா. என் நோட்டில் இருந்தது. அந்த நோட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு பூட்டும் 7 மணி நேரமும் இருந்தன. எனக்கே பதியக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். அது என் பதவிக்குரிய வேலை இல்லை என்று சொன்னார்கள்.

உங்கள் ஊர் டிப்போவில் எப்படி என்று எனக்குத் தெரியாது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் ஒரு நாளாவது காலை 4 மணிக்கு ஒரு பணிமனையில் வந்து நிற்க வேண்டும். நேரக்காப்பாளர் கையிலேயே அந்தப் பதிவுக் கருவி இருக்க வேண்டும், இரண்டு முறை அழுத்தினால் வேலை முடிய வேண்டும், அவர் மொழியில் இருக்க வேண்டும். நான் வெட்டும் நடையை அந்த நிமிடமே நீக்கினால், நீங்கள் நிறுத்தத்தில் நின்று 4 நிமிடம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் அந்த மாரத்தஹள்ளி பஸ்ஸில் ஏறியிருப்பார்.

---

ஏரிக்கரைவாசி எழுதியது:

ஐயா, உங்கள் பதிலை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். "4 மணிக்கு வேலை செய்யறவன்கிட்ட கேட்காம 10 மணிக்கு வர்றவன் போட்ட திட்டம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பொறியாளர் தம்பி, எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா பாருங்கள். 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். கண்டக்டர் மெஷினில் அடித்து ஜீரோ டிக்கெட் கொடுக்கிறார். எங்கே ஏறினேன், எங்கே இறங்குவேன் என்பது அதில் இருக்கிறதே. அப்படியென்றால் சாயங்காலம் 6:30-க்கு குந்தலஹள்ளியில் எத்தனை பெண்கள் பஸ் ஏறுகிறோம் என்ற கணக்கு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்து பஸ் விடுங்கள் என்றும் கேட்கலாம் அல்லவா? நடை வெட்ட வேண்டி வந்தால் எதை வெட்டக் கூடாது என்பதற்கும் அது உதவும். ஐயா மனசிலேயே வைத்திருந்த கணக்கு இது, இன்றைக்கு மெஷினில் இருக்கிறது.

மனு இப்படி எழுதியிருக்கிறேன்:

"டிப்போவில் முதல் வண்டி புறப்படும் நேரத்திலிருந்தே, எந்த பஸ் ஓடுகிறது, எது ரத்து என்பதை அங்கே பணியில் இருப்பவரே உடனுக்குடன் பதியும் வசதியும், அதற்கான ஆளும் வேண்டும். ரத்தான டிரிப் செயலியிலும் பலகையிலும் ரத்து என்றே தெரிய வேண்டும். டிப்போவாரியாக அந்தக் கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். பலகை வைக்கும் டெண்டரில், ஒப்பந்தம் முடிந்த பிறகு யார் பராமரிப்பது, எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் எழுத வேண்டும். ஜீரோ டிக்கெட் கணக்கை வைத்து மாலை நேர பஸ்களைத் திட்டமிட வேண்டும். வெளிவட்டச் சாலையில் மெட்ரோ வேலை முடிகிற இடங்களில் பஸ் தடத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்."

இது போதுமா? யாருக்கு அனுப்புவது? அப்புறம், மனு கன்னடத்தில் இருந்தால்தான் நல்லது. எனக்குப் பேச நன்றாக வரும், அரசுக்கு எழுதும் அளவுக்கு வராது.

---

காக்ஸ்டவுன் பொறியாளர் எழுதியது:

அக்கா, ஜீரோ டிக்கெட் விஷயம் எனக்கே தோன்றவில்லை. கட்டாயம் சேருங்கள். சாதா பஸ்ஸில் மட்டும்தான் அந்த டிக்கெட் என்பதால் ஏ.சி. பஸ் கணக்கு அதில் வராது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பி.எம்.டி.சி. நிர்வாக இயக்குநருக்கு ஒன்று, நகர்ப்புறத் தரைவழிப் போக்குவரத்து இயக்ககத்துக்கு ஒன்று அனுப்புங்கள். மெட்ரோ, பஸ், டிராஃபிக் போலீஸ் எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர 2022-ல் தனி ஆணையச் சட்டம் நிறைவேறியது, பெங்களூரு பெருநகரத் தரைவழிப் போக்குவரத்து ஆணையம். பஸ் தடம் பற்றிய வரி அவர்களுக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் சாலை ஒருவர் கையில், சிக்னல் இன்னொருவர் கையில், பஸ் மூன்றாமவர் கையில் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே நகல் வேண்டாம். ஒவ்வொருவரும் செய்யக்கூடியதை முதல் பத்தியில் வைத்து எழுதுங்கள்.

கன்னடம் நான் எழுதித் தருகிறேன், பத்தாவது வரை அதில்தான் படித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருவேன், அங்கே பார்க்கலாம். ஐயா, ஹொரமாவிலிருந்து தூரம்தான், முடிந்தால் நீங்களும் வாருங்கள். பதிவுக் கருவியில் என்னென்ன பொத்தான் வேண்டும் என்று உங்கள் கையால் ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் அதை மனுவோடு இணைத்துவிடலாம்.

---

ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் எழுதியது:

வருகிறேன் தம்பி. தாள் இப்போதே எடுத்துவிட்டேன். நான்கு பொத்தான் போதும்: வண்டி மாற்றம், ஆள் மாற்றம், நடை ரத்து, தாமதம்.